சுண்ணாம்பு தடவிய கலயம்

ராஜாஜி என்று பேச்செடுத்தால் நம் பக்கத்தில் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். ‘குலக்கல்வி’ என்ற ஒற்றைச் சொல்லால் அவரை மூடிவைத்துவிடும் முகம் ஒன்று. ‘மூதறிஞர்’ என்ற ஒற்றைச் சொல்லால் எட்டாத உயரத்தில் ஏற்றிவைத்துவிடும் முகம் மற்றொன்று. இருவருக்குமே அவரை வாசிக்க வேண்டிய அவசியம் நேர்வதில்லை. நமக்கோ அவரிடம் நெடுநாளாக வேறொரு சங்கடம் உண்டு. குடிமக்களின் வாழ்வில் அரசாங்கம் எதுவரை கைநீட்டலாம் என்ற கேள்விக்கு, ‘இதுவரைதான்’ என்று இந்திய அரசியலில் கூர்மையாகக் கோடு கிழித்தவர் அவர். 1959இல், எண்பது வயதில், அதற்கென்றே சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அதே மனிதர்தான் 1937 அக்டோபர் முதல் தேதியன்று, சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்துகொண்டு (முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), ஒரு முழு மாவட்டத்தின் கள்ளுக்கடைகளையும் சாராயக்கடைகளையும் சட்டம் போட்டு மூடச் செய்தார். அந்த மாவட்டம் நம்முடைய சேலம்.

அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நான்கு மாவட்டங்கள். 1965இல் தருமபுரி பிரிந்தது. 1997இல் நாமக்கல் பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரிக்குள் இருக்கிறது. வக்கீலாகப் பேரெடுத்தது சேலம் நகரில். 1917இல் சேலம் நகராட்சியின் தலைவரானதும் அங்கேதான். ஆகவே மதுவிலக்கு என்னும் பரிசோதனைக்கு அவர் யாரோ ஒருவருடைய ஊரைத் தேர்ந்தெடுக்கவில்லை. சொந்த மக்களிடத்தில்தான் முதலில் கைவைத்தார். இதை அவருக்குச் சாதகமாகவும் சொல்லலாம், பாதகமாகவும் சொல்லலாம்.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1925இல், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் அவர் காந்தி ஆசிரமம் தொடங்கியிருந்தார். கதர், தீண்டாமை ஒழிப்பு, குடியொழிப்பு என்பவை ஆசிரமத்தின் வேலைகள். மதுவிலக்குக்கென்றே அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற மாத இதழ் 1929இல் வெளிவரத் தொடங்கியது. பத்து இதழ்களோடு நின்றுபோனது. ராஜாஜி ஆசிரியர், கல்கி துணையாசிரியர். தமிழ் வெகுஜன எழுத்தின் பெரும்புயல் ஒன்று, மேட்டுக்காட்டுச் சோளக்கொல்லைகளுக்கு நடுவே, குடியின் கேட்டைப் பற்றிக் கதையெழுதிக் கை பழகியது என்பதை நம் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ எழுதியவரா, ஐயா, என்கிறார்கள்.

‘விமோசன’த்தில் நமக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அதைப் படித்துத் திருந்தலாம். படித்துவிட்டுச் சிரித்தபடி கடைக்கும் போகலாம். குடிக்கிறவனின் கையைப் பிடித்து இழுக்கும் அதிகாரம் அந்தப் பத்திரிகைக்கு இல்லை. கதை சொல்லி ஆளை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் அது நடந்தது. இதே காலத்தையொட்டிய இன்னொரு செய்தியும் பரவலாக எழுதப்பட்டு வருவது. காங்கிரசில் இருந்தபோது பெரியார், கள்ளுக்குப் பயன்படக்கூடாது என்று சேலத்துத் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார் என்பது. மரத்தை வெட்டியது விவேகமா என்று கேட்கலாம். (தேங்காய் என்ன பாவம் செய்தது?) ஆனால் அவர் வெட்டியது தம்முடைய மரத்தை. பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மரத்தில் அவர் கோடரியை வைக்கவில்லை. தனிமனிதச் சுதந்திரவாதிகள் பக்கம்பக்கமாக எழுதி விளக்க முயலும் வேறுபாடு, அந்த ஒரு தோப்பில் முடிந்துவிடுகிறது.

1937இல் ராஜாஜி மற்றவர்களின் மரத்துக்கு வந்தார்.

உலகம் இந்தப் பாதையில் அப்போதுதான் போய்த் திரும்பியிருந்தது. அமெரிக்கா 1920இல் மதுவிலக்கைக் கொண்டுவந்து, கள்ளச்சாராயக் கூட்டங்களையும் லஞ்சத்தையும் வளர்த்துவிட்டு, 1933இல் அதைக் கைவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்துச் சேலத்தில் தொடங்குகிறது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதிய ‘ஆன் லிபர்ட்டி’ நூலில் இந்தக் கேள்வியையே நேராக எடுத்துக்கொண்டு, மதுவைத் தடைசெய்யும் சட்டங்கள் தனிமனிதனின் எல்லைக்குள் அத்துமீறி நுழைபவை என்று வாதிட்டார். பிறருக்குத் தீங்கு நேரும் இடத்தில் மட்டுமே அரசு ஒருவனைக் கட்டாயப்படுத்தலாம். அவனுடைய சொந்த நன்மை என்பது போதுமான காரணமாகாது என்பது மில்லின் அளவுகோல். அந்நூல் வெளிவந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்துச் சுதந்திராக் கட்சி பிறந்தது தற்செயல்தான்.

இந்த அளவுகோலை முதன்முதலாக முதுகலை வகுப்பில் படித்த நாட்களில் நமக்கு ஏற்பட்ட உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. ஊருக்கு வந்து அம்மாயியிடம் (அம்மாவின் தாயார்) பேசும்வரைக்கும்தான்.

*

கடைகள் மூடப்பட்டபோது அம்மாயிக்குப் பத்து வயது. அவருடைய அப்பா வாடகைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் மூட்டை ஏற்றிப்போய், வரும் வழியிலேயே கூலியைத் தொலைத்துவிட்டு வருகிறவர். மாடுகள் தாமாக வீட்டுக்கு வழி தெரிந்து வந்து நிற்குமாம். வண்டியில் அவர் மல்லாந்து கிடப்பாராம். அடியும் உண்டு.

“அந்தச் சட்டம் வந்த வருசந்தான் சாமி, தீவாளி இல்லாத நாள்லயும் எங்கூட்டுல நெல்லஞ்சோறு பொங்குனது. ராசகோபாலாச்சாரி ஆருன்னு எங்காத்தாளுக்குத் தெரியாது. கடை மூடுனவரு மவராசனா இருக்கோணும்னு தெனமும் கும்புடுவா.”

அப்பாவின் அடி நின்றதா என்று கேட்டோம். “கை ஓங்கறதுக்குக் கொஞ்சம் யோசன வந்துச்சு” என்றார்.

காங்கிரஸ் அமைச்சரவை 1939இல் விலகியபின், போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கடைகள் திறந்தன. அம்மாயி அதை எந்த ஆண்டு என்று சொல்லத் தெரியாதவர். ஆத்தாளின் காதுத்தோடு அடகுக்குப் போன வருஷம் என்று சொல்வார்.

மில்லின் அளவுகோலை அம்மாயியின் முன்னால் வைத்துப் பார்த்தால் அதில் ஒரு விரிசல் தெரிகிறது. ‘தனக்கு மட்டும்’ என்று ஒருவன் குடிக்கும் குடி எங்கே இருக்கிறது? வண்டிக்காரரின் உடம்பைச் சுற்றிக் கோடு போட்டு, இதற்குள் அரசு நுழையலாகாது என்று சொல்வது எளிது. அந்தக் கோட்டுக்கு வெளியே அடுப்படியில் ஒரு பெண்ணும் பத்து வயதுப் பிள்ளையும் நின்றுகொண்டிருக்கிறார்கள். சுதந்திரத்தைப் பற்றி எழுதியவர்களில் அநேகர் ஆண்கள். கூலி வீட்டுக்கு வந்து சேருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் அவர்களுக்கு இருந்திருக்காது.

சரி, அப்படியானால் ராஜாஜி பக்கம் நியாயம் என்று முடித்துக்கொண்டு போய்விடலாம். நம்மால் முடியாததற்குக் காரணம், அப்பாவின் வழி.

அப்பாரின் (அப்பாவின் தந்தையார்) அப்பா பனையேறி. வரப்போரத்துப் பனைகளைக் குத்தகைக்குப் பிடித்து, பாளை சீவி, விடியற்காலையிலும் அந்தியிலும் ஏறியிறங்கியவர். பனையில் சொட்டும் சாற்றுக்குத் தானாக ஒரு பெயர் கிடையாது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது தெளுவு (மற்ற ஊர்களில் பதநீர் என்பார்கள்), காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் புளித்து, நுரைத்து, கள்ளாகிவிடும். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவனும் ஒருவன். ஒரு விரல் சுண்ணாம்பில் தொழிலாளி குற்றவாளியாகிறான்.

மதுவிலக்கு வந்தபின் தெளுவு இறக்க உரிமம் வேண்டும் என்றாயிற்று. அந்தத் தாளை மூங்கில் குழாயில் சுருட்டி, குழாயைக் கூரைவாரையில் செருகிவைத்திருந்தார்களாம். அப்பாரு அப்போது மரத்தடியில் கலயம் வாங்கிவைக்கும் சிறுவன். சோதனைக்கு வருகிற ஓர் அதிகாரி வெயில் ஏறியபின் வருவாராம். உச்சிவெயிலில் சுண்ணாம்புக் கலயத்தின் சாறும் இலேசாகப் புளிப்புக் காட்டும். அவர் கலயத்தை முகர்ந்து பார்ப்பார். இது தெளுவா, கள்ளா என்பதை அவருடைய மூக்குதான் தீர்மானிக்கும். மூக்கு நல்லபடி தீர்மானிக்க வேண்டுமானால் ஒரு கொட்டான் கருப்பட்டி போக வேண்டும். சட்டப் புத்தகத்தில் கொட்டான் கருப்பட்டி பற்றி ஒன்றும் இல்லை.

கொள்ளுத்தாத்தா இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கிணறு வெட்டும் கூலிக்குப் போனார். நம் குடும்பத்தில் பனையேற்றம் அவரோடு முடிந்தது. திருமணம் பேச இரண்டு வீட்டாரும் கூடியபோது, ராஜாஜி பெயர் வந்து ஒரு பக்கம் கைகூப்ப, மறுபக்கம் காறித்துப்ப, பேச்சு முறிய இருந்ததாக அம்மா சொல்வதுண்டு.

*

மதுவிலக்கினால் மாகாணத்துக்கு வருமானம் குறைந்தது. துண்டு விழுந்ததை ஈடுகட்ட ராஜாஜி அரசு 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. ஒருவன் வாயைக் கட்டுவதற்காக ஊரிலுள்ள எல்லாருடைய பைக்குள்ளும் கைவிட வேண்டி வந்தது என்று சொன்னால் மிகையல்ல. மதுவிலக்கு பிறகு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. விற்பனை வரி ஒருநாளும் போகவில்லை. வாட் என்றும், 2017 முதல் ஜி.எஸ்.டி. என்றும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. அரசாங்கம் ஒரு வேலைக்காக எடுத்த கருவியை அந்த வேலை முடிந்ததும் கீழே வைப்பதில்லை.

அதே ஆட்சிக் காலத்தில்தான் பள்ளிகளில் கட்டாய இந்தி. எதிர்த்தவர்களைச் சிறையிலடைக்க, வெள்ளையர் காலத்து அடக்குமுறை என்று காங்கிரசே கண்டித்துவந்த குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் எடுத்துப் பயன்படுத்தப்பட்டது. 1939இல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தின்போது உயிரிழந்தார்கள். இதைக் கடந்துபோய்விட்டு ராஜாஜியின் சுதந்திரச் சிந்தனையைப் பேசுவது நேர்மையாகாது.

பதவியில் இருந்தபோது அதிகாரம் இனித்தது, பதவி போனதும் சுதந்திரம் இனித்தது என்று ஒரே வாக்கியத்தில் அவரை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 1952 அந்த வாக்கியத்துக்கு இடங்கொடுப்பதில்லை. அந்த ஆண்டு முதலமைச்சராக வந்தவுடன், போர்க்காலத்திலிருந்து தொடர்ந்துவந்த உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் அவர் நீக்கினார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் அநேகர். பஞ்சம் வரவில்லை. கையிலிருந்த அதிகாரத்தைத் தானே கீழே வைத்த முதலமைச்சர்கள் நமக்கு அதிகம் வாய்த்ததில்லை.

பிறகு 1959. நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியதும், ரங்கா, மினு மசானி முதலியவர்களோடு சேர்ந்து ராஜாஜி கட்சி கண்டார். ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று அவர் வைத்த பெயர் இன்றைக்கும் நிற்கிறது. 1967இல் மக்களவையில் 44 இடங்களோடு சுதந்திராவே பெரிய எதிர்க்கட்சி. 1974இல் கட்சியே கரைந்துவிட்டது.

பர்மிட் என்ற சொல்லின் முழு எடை நாமக்கல்காரர்களுக்குத் தெரியும். இந்த வறண்ட பூமி லாரியால் எழுந்தது. தாய்மாமன் ஒருவர் எண்பதுகளின் தொடக்கத்தில் லாரி வாங்க ஆசைப்பட்டார். வண்டிக்குப் பணம் புரட்டுவதைவிட, அதை ஓட்டுவதற்கான அனுமதியைப் புரட்டுவது கடினமாக இருந்ததாம். பிற மாநிலங்களுக்குள் போகும் பர்மிட்டுகளுக்கு எண்ணிக்கை வரம்பு. ஓர் அலுவலகத்தின் மரப்பெஞ்சில் தாம் உட்கார்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு கல்யாண வயதுக் கழுதை வளர்ந்திருக்கும் என்பார். கடைசியில் ஓடாத பழைய லாரி ஒன்றை, அதிலிருந்த பர்மிட்டுக்காகவே வாங்கினார். 1988 மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டி அனுமதிகளைத் தளர்த்தியபின் நாமக்கல் எப்படிப் பெருகியது என்பதைச் சேலம் பைபாஸில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாமா ராஜாஜியை வாசித்தவர் அல்லர். ஆனால் சுதந்திராக் கட்சியின் வாதத்தை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே முழுதாகக் கற்றவர்.

ராஜாஜி இவ்விரண்டையும் தம் மனத்தில் எப்படிச் சேர்த்துவைத்திருந்தார் என்று ஓர் ஊகம் நமக்குண்டு. எல்லாருக்கும் ஒன்றுபோலப் பொருந்தும் சட்டம் வேறு. ஆள்பார்த்து அளிக்கப்படும் அனுமதி வேறு. முன்னது ஒழுக்கம், பின்னது சலுகை. பின்னதுதான் அதிகாரியைக் கெடுக்கிறது, வியாபாரியையும் கெடுக்கிறது. மதுவிலக்கு எல்லாருக்கும் பொதுவான சட்டம். ஆகவே அது பர்மிட் ராஜ்யமாகாது. கேட்பதற்கு அழகான பிரிவினைதான். கட்சியின் அடிப்படைக் கொள்கைகளில் அடங்காத விஷயங்களில் உறுப்பினர்கள் அவரவர் கருத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சுதந்திராவில் இடமும் இருந்தது. கடைசிவரை மதுவிலக்கை அவர் விடவில்லை.

ஆனால் இந்தப் பிரிவினை பனையுச்சிக்கு ஏறியதும் கரைந்துவிடுகிறது. குடிக்காதே என்ற பொதுச்சட்டம், மரத்தடிக்கு வந்து சேரும்போது, ‘உன் கலயத்தை முகர்ந்து பார்த்துச் சொல்கிறேன்’ என்றாகிவிடுகிறது. தடை என்பது தரையில் இறங்கும்போது பர்மிட்டாகத்தான் இறங்கும். யார் யாருக்கு விதிவிலக்கு என்று முடிவுசெய்ய யாரோ ஒருவர் வேண்டியிருக்கிறது. மாமா உட்கார்ந்திருந்த பெஞ்சும் கொள்ளுத்தாத்தாவின் மூங்கில் குழாயும் ஒரே மரத்தில் செய்தவையல்லதான். ஒரே கடைசலில் செய்தவை.

அம்மாயிக்கு மட்டும் இதில் பதில் இல்லை என்பது நமக்குத் தெரியாமலில்லை. மில்லே ஒரு வழி காட்டுகிறார்: குடித்துவிட்டு ஒருவரைத் தாக்கித் தண்டனை பெற்றவன்மீது தனிக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறார். ஊர்முழுவதையும் தொடாமல், ஓங்கிய கையை மட்டும் பிடிக்கும் சட்டம். அத்தகைய ஒன்று இந்தியாவில், குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமாக, 2005இல்தான் இயற்றப்பட்டது. கடையை மூடுவதற்கு 1937இலேயே தோன்றிய யோசனை, அடிப்பவனைத் தடுப்பதற்கு இன்னும் அறுபத்தெட்டு ஆண்டுகள் பிடித்திருக்கிறது. அம்மாயியின் ஆத்தாள் கோர்ட்டுக்குப் போயிருப்பாளா? போயிருக்கமாட்டாள். அதனால்தான் இந்த வாதத்தை அம்மாயியிடம் நாம் வைத்து வெல்ல முற்பட்டதில்லை.

*

1971இல் தமிழக அரசு மதுவிலக்கைத் தளர்த்த முடிவெடுத்தபோது, தொண்ணூற்றிரண்டு வயது ராஜாஜி கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்குப் போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட நிகழ்ச்சி பலர் அறிந்ததே. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். டாஸ்மாக் நிறுவனம் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் முழுமையாக அரசின் கைக்கு வந்தது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் அதன்வழி கருவூலத்துக்குப் போகிறது. இவ்வளவும் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறது என்று பார்த்தால், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்! சேலத்தில் கடையை மூடுவதற்காக எழுதப்பட்ட அதே சட்டம், திருத்தங்களோடு, கடை நடத்தும் ஏகபோக உரிமையை அரசுக்கே வழங்கிக்கொண்டிருக்கிறது. ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று அச்சிட்ட பாட்டிலைக் கம்பிவலைக்குள்ளிருந்து நீட்டுபவர் அரசு நிறுவனத்தின் பணியாளர். ராஜாஜியின் இரண்டு முகங்களும் இதைப் பார்த்துத் திகைத்திருக்கும். மதுவிலக்குக்காரர் கடையைப் பார்த்து, சுதந்திராக்காரர் ஏகபோகத்தைப் பார்த்து.

கள்ளை மட்டும் 1987இல் சாராயத்தோடு சேர்த்துத் தடைசெய்தார்கள். ஆலையில் காய்ச்சிய பிராந்தியை அரசே விற்கும் மாநிலத்தில், மரத்தில் ஊறியதை உழவன் விற்கக்கூடாது. கள் உணவே என்று கொங்குப் பகுதியிலிருந்து கள் இயக்கத்தார் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். 2017இல் தென்னை நீராவுக்கு அனுமதி வந்தது, வழக்கம்போல உரிமத்தோடு. 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சேலம் அரசு மருத்துவமனைக்கும் பலரைக் கொண்டுவந்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். கள்ளுக்கடை இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. எல்லாக் கடையையும் மூடியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு கட்சி. இரண்டாம் கட்சியில் பேசியவர்களில் பெண்கள் அதிகம் இருந்ததைக் கவனித்தோம்.

அப்பாவுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் மேட்டுக்காடு இருக்கிறது. வரப்பில் பதினொரு பனைகள். ஏற ஆளில்லை. சில ஆண்டுகளுக்கு முன் செங்கல் சூளைக்காரர் ஒருவர் விலை பேசினார், அப்பா கொடுக்கவில்லை. 2021இல், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று அரசு அறிவித்தது. செய்தித்தாளில் அதைப் படித்துக் காட்டியபோது, பனை பிழைத்தது என்று நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “நாம வெக்கலயே, அதுவா மொளச்சதுதானே” என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.